கொல்லிப் பாவையும் ஆடிப் பாவையும்

முன்னுரை

மணந்த ஆடவன் நெஞ்சம் பிற மகளிர்பாற் செல்லுதலும், அதனை அவன் மனைவிக்கு மறைத்தலும், மறைத்தது வெளிப்பட்டவழித் திகைத்தலும் இக்காலத் தொலைக்காட்சி நாடகங்களிலும் திரைப்படங்களிலும் நகைச்சுவைக்குப் பெரிதும் பயன்படும் பொருளாகும். இஃது அண்மையில் மேனாட்டிலிருந்து வந்த புதுவரவு என்று கருதுவாரும் உளர். அக்கருத்துப் பொருந்தாது. தொகை நூல்களின் மருதத்திணைப் பாட்டுக்களிற் பெரும்பாலன இப்பொருள் பற்றியே எழுந்தன. அவற்றுள் நகைச்சுவைக்கும் குறைவில்லை. ஆயின், பொருள் ஒன்றே எனினும், நகைப்பவர் யார், நகைக்கப்படுபவர் யார் என்னும் வினாவிற்கு அக்காலம் தரும் விடை வேறு. இக்காலம் தரும் விடை வேறு. இவ்வேறுபாட்டை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆடவனை மயக்கும் மகள் என்பதற்குத் தமிழ் மரபு காட்டும் பழைய உருவம் கொல்லிப் பாவையாதலின், ஆராய்ச்சியைக் கொல்லி மலையிலிருந்தே தொடங்குகின்றோம்.

கொல்லியும் பாவையும்

கொல்லி மலை இன்று நாமக்கல் மாவட்டத்தைச் சார்ந்தது. அம்மாவட்டம் 1997ஆம் ஆண்டு சேலம் மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பெற்றது. ஆகாயகங்கை அருவியும் அறப்பளீசுவரர் கோயிலும் இம்மலைமேல் உள்ளன. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி இதனை ஆண்டான். மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு ஈந்தான் என்பதனைக் கல்லாடனாரின் அகப்பாட்டு (209) கூறுகின்றது. ஓரியின் கொல்லி என்று ஒரு பாட்டும் பொறையன் கொல்லி என்று மற்றொரு பாட்டும் கூறுதற்கு இவ்வரசியல் மாற்றமே காரணம் எனலாம்.

இம்மலையின் மேற்குச் சாரலில் தெய்வம் அமைத்த பாவை ஒன்று உண்டு என்பது சங்கப் புலவர் பலர்க்கும் உடன்பாடான செய்தி. கபிலர் குறுந்தொகையிலும் (100), பரணர் குறுந்தொகை (89), நற்றிணை (201), அகநானூறு (62) ஆகியவற்றிலும் இதனைப் பாடினர். இப்பாட்டுக்களிற் பாவை யாருக்கு உவமையாயிற்று என்பதனை உற்று நோக்குதல் வேண்டும். கபிலர் பாட்டில் அவள் தலைவன் விரும்பிய குறிஞ்சிநிலத் தலைவி. அகநானூற்றிலும் அவள் தலைவியே. நற்றிணை 201ஆம் பாட்டிலோ, தன்னை இடித்துரைத்த பாங்கனுக்குத் தலைவன் விடை கூறுகின்றான். காற்று மோதினும், மழை விரைந்து பொழியினும், இடி சினந்து வீழினும், நிலமே அசையினும் கொல்லிப் பாவை தன் உருவின் அழகு கெடாது நிற்கும். அவ்வாறே இவளும் என் நெஞ்சினின்றும் நீங்காள் என்பது அவ்விடையின் கருத்து.

ஆகவே, பழம்பாட்டிற் கொல்லிப் பாவை ஆடவனை மனைவியிடமிருந்து பிரிக்கும் பிறமகள் அல்லள்; அவன் உள்ளத்தில் நிலைபெற்றுவிட்ட காதலியே ஆவள். மயக்கத்தின் வடிவமாகப் பிற்காலத்தார் கொண்ட பாவையை முற்காலத்தார் மாறாமையின் வடிவமாகக் கொண்டனர் என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

நகைத்துக் கொல்லும் பாவை

முனிவரையும் தேவரையும் வருத்திய அசுரர் வருங்கால் அவர்களை நகைத்து மயக்கிக் கொல்லுமாறு அமைக்கப்பெற்ற பொறியே கொல்லிப் பாவை என்பது பிற்கால மரபு. கண்ணும் கையும் அசையும், முறுவல் தோன்றும், கண்டார் உயிர் நீங்கும் என்று அம்மரபு விரிந்தது. கொல்லியில் உள்ள எட்டுக்கை அம்மனையே கொல்லிப் பாவையாகக் கருதி வழிபடுவாரும் உளர்.

இக்கொலைத் தன்மைக்கு வித்து நற்றிணை 185ஆம் பாட்டில் உள்ளது. பாவை போன்ற அவள் தன்னைக் கொல்லக் கருதினாள் என்று தலைவன் அங்குப் புலம்புகின்றான். இது காதல் நோயுற்றான் ஒருவனது கூற்றே அன்றி, அவளது இயல்பு பற்றிய செய்தி அன்று. தலைவன் தன் வேட்கையின் வலிமையை அவளது குற்றமாகக் கூறினான். அக்கூற்று நாளடைவிற் பாவையின் இயல்பே ஆகிவிட்டது. ஆடவன் தன் நெஞ்சின் நெகிழ்ச்சிக்குப் பெண்ணின் முறுவலைக் காரணமாக்கும் வழக்கம் இவ்வாறு ஒரு மலையின் பெயரோடு இணைந்து நிலைத்தது.

ஊரனும் ஆடிப் பாவையும்

குறிஞ்சி களவிற்கு உரியது. களவு கற்பாகி, மலைச்சாரல் வயல் சூழ்ந்த ஊராக மாறும்பொழுது காதலனும் ஊரன் ஆகின்றான். மருதத்திணையின் தலைவன் இவனே. மணந்தவன், மகப்பெற்றவன், செல்வமுடையவன், பரத்தையர் சேரிக்குச் சென்று மீள்பவன். இவனைக் குறுந்தொகையின் எட்டாம் பாட்டில் ஆலங்குடி வங்கனார் நம்முன் நிறுத்துகின்றார்.

அப்பாட்டிற் பேசுபவள் காதற்பரத்தை. தலைவி தன்னைப் பழித்தாள் எனக் கேட்டு அவள் விடை கூறுகின்றாள். எம் இல்லத்திற்கு வந்து பெருமொழி பல பேசியவன், தன் இல்லத்திற் புகுந்தபின், கண்ணாடியில் தோன்றும் பாவை எதிரே நிற்பவர் கையையும் காலையும் தூக்கத் தானும் தூக்குவது போலத் தன் புதல்வனின் தாய்க்கு அவள் விரும்பியனவற்றைச் செய்கின்றான் என்பது அவள் கூற்று. ஆடி என்பது கண்ணாடி.

இங்குப் பாவை என்னும் சொல் இடம் மாறியிருத்தலைக் காண்கின்றோம். கொல்லியிற் பாவை பெண். மருதத்திற் பாவை ஆண். சென்ற இடத்திற்கு ஏற்ற உருவம் கொள்வதன்றித் தனக்கென ஒரு நிலை இல்லாதவன் என்று பரத்தை அவனை எள்ளுகின்றாள். அவள் தன்னை மயக்குபவளாகக் கூறிக்கொள்ளவில்லை. மனைவியின்மீது பழி சுமத்தவுமில்லை. எள்ளல் முழுவதும் ஊரனையே சார்கின்றது. நகை பிறக்கும் நிலைக்களன்களைத் தொல்காப்பியர் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்காக வகுத்தார். மருதப் பாட்டுக்களில் முதலிடம் பெறுவது எள்ளலே. அதனைக் கையாள்வோர் மகளிரே.

பொய்யும் நகையும்

இவ்வெள்ளல் நாடக வடிவம் பெறுவது மருதக் கலியில் ஆகும். கலித்தொகையின் 66 முதல் 100 வரையுள்ள 35 பாட்டுக்கள் மருதக் கலி எனப்படும். மருதன் இளநாகனார் அவற்றைப் பாடியவராகக் கொள்ளப்படுவர். அவற்றுட் சிலவற்றின் அமைப்பு வருமாறு: பரத்தையிடமிருந்து காலந்தாழ்த்து மீளும் தலைவன் வாயிலில் நிற்கின்றான்; எங்கிருந்தாய் என்று தலைவி வினவுகின்றாள்; அவன் ஒரு பொய் கூறுகின்றான்; அவள் அப்பொய்யையே எடுத்துக்கொண்டு உண்மையை வெளிப்படுத்துகின்றாள்.

கடவுளரைக் கண்டு அவரோடு தங்கினேன் என்பான் ஒருவன் (93). குறும்பூழ்ப் போர் கண்டேன் என்பான் மற்றொருவன் (95). குதிரை ஏறினேன் என்றும் (96), யானை கண்டேன் என்றும் (97), புதுப்புனல் ஆடினேன் என்றும் (98) ஏனையோர் கூறுவர். தலைவி எவ்விடத்தும் அது பொய் என்று நேரே மறுப்பதில்லை. ஆம், அக்குதிரையை யாம் அறிவோம் என்று தொடங்கி, குதிரையின் உறுப்பும் அணியும் கூறுவாள் போலப் பரத்தையின் உறுப்பையும் அணியையும் ஒவ்வொன்றாக அடுக்குகின்றாள். அவன் மார்பிற் கண்ட வடுக்களுக்கும் அக்குதிரையையே காரணமாக்குகின்றாள். தான் கூறிய பொய்யிலேயே அகப்பட்ட ஊரன் மேலும் பேச இயலாது நிற்கின்றான்.

மறைப்பும், பிடிபடுதலும், இரட்டுற மொழிதலும் இக்கால நகைச்சுவை நாடகங்களுக்கும் உயிரானவை. மருதக் கலியின் சிறப்பு, அறிவு யார் பக்கம் உள்ளது என்பதில் அமைந்துள்ளது. தலைவி அனைத்தும் அறிந்தவள். தலைவன் தான் அறியப்பட்டதை அறியாதவன். கேட்போர் தலைவியோடு சேர்ந்து நகைக்கின்றனர்.

பரிபாடலின் இருபதாம் பாட்டில் இவ்வெள்ளல் இல்லத்தை விட்டு வையைக் கரைக்கு வருகின்றது. தலைவியின் அணிகள் பரத்தையிடம் காணப்படுகின்றன. ஊரார் நடுவே வழக்கு எழுகின்றது. அவள் கள்வி எனப்படுங்கால், அணிகளைத் தந்தவன் தலைவனே எனத் தெளிவாகின்றது. இரு மகளிரும் எதிர்நின்று பேசினும் குற்றம் இறுதியில் அவனிடத்தே சென்று சேர்கின்றது.

நகை இல்லாத இடம்

இவ்வளவிற் கொண்டு, பழங்காலத்து மனைவியர் இத்துன்பத்தை நகைத்தே கழித்தனர் என்று முடிவு செய்தல் தவறாகும். நகைத்தற்கும் ஒரு நிலைமை வேண்டும். கணவன் வாயிலுக்கு மீண்டு வந்து நின்றால் மட்டுமே ஊடல் நிகழும். மீளாதவனிடம் ஊட இயலாது. புறநானூறு இதற்குச் சான்று தருகின்றது.

வையாவிக் கோப்பெரும் பேகன் ஓரியைப் போன்றே கடையெழு வள்ளல்களுள் ஒருவன். மயிலுக்குப் போர்வை அளித்த புகழுடையவன். அவன் தன் மனைவி கண்ணகியைத் துறந்து பிறள் ஒருத்தியோடு வாழ்ந்தான். கபிலர் (143), பரணர் (144, 145), அரிசில் கிழார் (146), பெருங்குன்றூர் கிழார் (147) ஆகிய நால்வர் இதுபற்றி அவனைப் பாடினர். பரிசில் பெறச் செல்லும் புலவர் பரிசிலை வேண்டாது, இன்றிரவே தேர் ஏறி அவளிடம் செல்க, அதுவே யாம் வேண்டும் பரிசில் என்றனர். குளிரால் நடுங்கியதோ என்று ஒரு மயிலுக்கு இரங்கியவன் தன் மனைவியின் கண்ணீருக்கு இரங்கவில்லை என்னும் முரணைப் பரணர் தெளிவாக உணர்த்துகின்றார்.

இவ்வைந்து பாட்டிலும் நகை இல்லை. கண்ணகியின் சொல்லோ ஒரு பாட்டில் (144) மட்டுமே சிறிது கேட்கின்றது. அவள் அழுகின்றாள், புலவர் அவள்பொருட்டுப் பேசுகின்றனர். மருதக் கலியில் தானே பேசி வென்ற மனைவி இங்குப் பிறர் வாயால் வழக்குரைக்க வேண்டியவள் ஆயினாள். நான்கு பெரும் புலவரின் செல்வாக்கு அன்றி அவளுக்கு வேறு துணை இல்லை. அத்தகைய துணை இல்லாத மனைவியர் எத்துணையரோ?

சிலப்பதிகாரத்துக் கண்ணகியும் ஊடினாள் அல்லள். கோவலன் மாதவியை விட்டு மீண்டபொழுது அவள் வினவவில்லை, எள்ளவில்லை. சிலம்பு உள்ளது என்றாள். மருதத் தலைவியாயின் வாயிலில் நிறுத்தி எங்கிருந்தாய் என்று கேட்டிருப்பாள். கேளாமையாற்றான் துன்பம் நேர்ந்தது என்று நாம் கூறவில்லை. ஊடல் இல்லாத இல்லறத்தில் மகளிர் துயரம் வெளிப்படுதற்கு வாயில் இல்லை என்பதே நாம் கூறுவது.

வள்ளுவர் செய்த மாற்றம்

திருவள்ளுவர் இப்பொருளைக் கையாண்ட முறை தனித்தன்மை உடையது. பிறன்இல் விழையாமையை அறத்துப்பாலிலும், வரைவின் மகளிரைப் பொருட்பாலிலும் கடிந்தவர், காமத்துப்பாலின் இறுதியில் புலவி, புலவி நுணுக்கம், ஊடல் உவகை என மூன்று அதிகாரங்களை வைத்தார். புலவி நுணுக்கம் முழு நகைச்சுவை. கணவன் தும்முகின்றான், வாழ்த்திய மனைவி உடனே, யார் நினைத்தலால் தும்மினீர் என்று அழுகின்றாள். தும்மலை அடக்கினால், யார் நினைப்பதை எனக்கு மறைக்கின்றீர் என்று மேலும் அழுகின்றாள்.

இங்குப் பிறமகள் இல்லை; குற்றமும் இல்லை. மருதத்தின் ஊடலை வைத்துக்கொண்டு அதன் காரணமாகிய பரத்தைமையை வள்ளுவர் நீக்கிவிட்டார். ஆடவன் பிழையின்றியே இல்லறம் நகைச்சுவைக்கு இடமாகும் என்பது அவர் கண்ட புதுமை. இது பிற்கால இல்லற நகைச்சுவைக்கு ஒரு முன்மாதிரி எனத் தகும்.

இக்கால நகைச்சுவை

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் தொடங்கப்பெற்றது. தனியார் அலைவரிசைகள் 1990களிற் பெருகின. அக்காலத்துத் தொடர்களுள் நாகா இயக்கிய ‘ரமணி வெர்சஸ் ரமணி’ ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. கணவன் பெயரும் ரமணி. மனைவி பெயரும் ரமணி. இருவர்க்கும் இடையே நிகழும் சிறு பூசல்களே அத்தொடரின் பொருள். பெயர் ஒன்றாயிருத்தலின் தலைமை யாருக்கு என்னும் வினா தலைப்பிலேயே எழுகின்றது. வள்ளுவரின் புலவி நுணுக்கத்தோடு இதனை ஒரு வகையில் வைத்து எண்ணலாம்.

மற்றொரு வகை திரைப்படத்தில் வளர்ந்து, தொலைக்காட்சியின் மறு ஒளிபரப்புக்களால் இல்லந்தோறும் புகுந்தது. பாக்கியராஜ் இயக்கி நடித்த ‘சின்ன வீடு’ 1985ஆம் ஆண்டிலும், பாலு மகேந்திரா இயக்கிய ‘சதி லீலாவதி’ 1995ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. பத்தாண்டு இடைவெளியுடைய இவ்விரு படங்களிலும் கணவனாற் புறக்கணிக்கப்படும் மனைவியாக நடித்தவர் கல்பனா என்னும் ஒரே நடிகையார். இரண்டிலும் மனைவியின் உடற்பருமன் கணவனது மனக்குறைக்குக் காரணமாகக் காட்டப்படுகின்றது. காண்போர் நகைப்புக்கும் அஃது இடமாகின்றது. கணவனின் பேதைமையும் நகைக்கப்படுகின்றது என்பது உண்மையே. இறுதியில் அவன் திருந்தி மீள்கின்றான் என்பதும் உண்மையே. ஆயினும் நகையின் ஒரு பகுதி மனைவிமேற் சென்றது புதிய செய்தி. எட்டுத்தொகை மருதத்திற் பரத்தை தலைவியை இகழ்தல் உண்டு. தலைவன் மனைவியின் உருவத்தை இகழ்ந்து அதனையே பிரிவிற்குக் காரணமாக்குதல் மரபன்று.

கே. எஸ். இரவிக்குமார் இயக்கத்தில், கிரேசி மோகன் உரையாடலோடு 2002ஆம் ஆண்டு வெளிவந்த ‘பஞ்சதந்திரம்’ இன்னும் ஒரு படி சென்றது. ஐந்து நண்பர், அவர்தம் மனைவியரின் ஐயம், விலைமகள் ஒருத்தி, அவள் இறந்துவிட்டதாகக் கருதி உடலை மறைக்கும் முயற்சி. சொல்நயத்தில் இப்படம் மருதக் கலியின் இரட்டுற மொழிதலை நினைவூட்டும். ஆயின் சொல் வல்லோர் இங்கு ஆடவரே. கேட்போர் ஆடவரோடு சேர்ந்து, மனைவியர் அறிந்துவிடுவரோ என்று அஞ்சி நகைக்கின்றனர். அறிவு மனைவியின் பக்கத்தினின்றும் கணவர் பக்கத்திற்கு மாறிவிட்டது. மயக்கி அழிக்கும் கொல்லிப் பாவை மீண்டும் வந்துவிட்டாள். ஆடிப் பாவையோ கதைத்தலைவன் ஆகிவிட்டான்.

சட்டமும் மலையும்

நகைச்சுவை இவ்வாறு ஆடவர் பக்கம் சாய்ந்த அந்நூற்றாண்டிலேயே சட்டம் எதிர்த்திசையிற் சென்றது. சென்னை மாகாணத்தில் இந்துக்களின் இருதார மணத்தைத் தடுத்து மணமுறிவுக்கு வழிசெய்த சட்டம் 1949ஆம் ஆண்டு இயற்றப்பெற்றது. இந்தியா முழுமைக்கும் இந்து திருமணச் சட்டம் 1955ஆம் ஆண்டு வந்தது. பேகன் மனைவிக்கு நான்கு புலவர் தேவைப்பட்டனர். 1949க்குப் பின் அந்நிலையில் உள்ள ஒருத்தி நீதிமன்றத்தை நாடலாம் என்னும் நிலை பிறந்தது. பிறன்மனை நயத்தல் பற்றிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டு நீக்கியது. அப்பிரிவின்படி மணந்த ஆடவன் மணமாகாதாள் ஒருத்தியை நாடுதல் குற்றமன்று. அவன் மனைவி வழக்குத் தொடரவும் இயலாது. மனைவியைக் கணவனின் உடைமை போலக் கருதியது என்பதே அது வீழ்ந்தமைக்குரிய காரணங்களுள் தலையாயது.

கொல்லி மலைக்கு மீண்டு வருவோம். மலைமேல் வாழும் மலையாளிகள் பட்டியற் பழங்குடியினர். மலையாளி என்பது ஈண்டு மலைவாழ்நரைக் குறிக்கும். கேரள நாட்டாரை அன்று. நடுவண் அரசு வேறு ஆணை பிறப்பித்தாலன்றி 1955ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியற் பழங்குடியினர்க்குப் பொருந்தாது என்று அச்சட்டமே கூறுகின்றது. அவர்தம் மணமும் மணமுறிவும் வழக்காற்றின் வழிப்பட்டவை. எனவே, மலையடிவாரத்து மனைவிக்கு நீதிமன்றம் தரும் வாயில் மலைமேல் வாழும் மனைவிக்கு அதே வடிவில் இல்லை. அவள் உரிமை ஊர்ப் பெரியோர் முன் அவள் எடுத்துரைக்கும் சொல்லையும், அச்சொல்லைக் கேட்பார் உளராதலையும் பொறுத்தது. மருதத் தலைவியின் சொல்வன்மை பழைய இலக்கியச் சுவையோடு நின்றுவிடுவதன்று என்பதனை இது காட்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். கொல்லிப் பாவை தொடக்கத்தில் நெஞ்சினின்றும் நீங்காத காதலியின் உவமை. அவளைக் கொலை புரியும் மயக்கியாக்கியது பிற்கால மரபு. மருதப் பாட்டு ஆடவனின் பிழையை எந்தப் பாவைமீதும் சுமத்தாது அவனையே ஆடிப் பாவை என்றது. எள்ளும் உரிமையை மனைவிக்கும் பரத்தைக்கும் அளித்தது. எனினும் அவ்வுரிமை கணவன் மீண்டு வரும் அளவிற்கே பயன்பட்டது. மீளாதவழிப் பேகன் மனைவிக்கு நேர்ந்ததே நேரும். இந்நூற்றாண்டின் மனைவிக்குச் சட்டம் அக்குறையைப் பெரிதும் நீக்கியுள்ளது. ஆயின் அவளுக்கு இருந்த நகையை நகைச்சுவையாளர் எடுத்துக்கொண்டனர்.

மணந்தோர் வாழ்வைப் பொருளாகக் கொண்டு இனி எழுதப்பெறும் தொலைக்காட்சி நாடகங்கள் மருதக் கலியின் வாயிற்காட்சியை மீண்டும் நோக்குமாயின் நன்று. அங்கே கணவன் பொய்யோடு நிற்கின்றான். மனைவி எல்லாம் அறிந்து வினவுகின்றாள். அவள் வினாவிலேயே நகை பிறக்கின்றது. கதவைத் திறப்பதோ திறவாமையோ அவள் விருப்பம் என்னும் புதிய உரிமையும் இன்று அதனோடு சேர்ந்துள்ளது. பழைய புலவர்க்கு வாய்க்காத இம்முடிவைப் பாடும் வாய்ப்பு இக்கால நாடகாசிரியர்க்கு வாய்த்துள்ளது.